யாராவது உங்களை 'நோஸி பார்க்கர்' என்றால்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், அலுவலகச் சமையலறையில் டீக்காகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேஜைப் பெண்மணி அப்போதுதான் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார், போனில் ஒவ்வொரு அறையாகப் படம் காட்டிக்கொண்டிருந்தார், நானும் ஊரில் கேட்கிற மாதிரியே "ரொம்ப நல்லா இருக்கு, எவ்வளவு ஆச்சு?" என்பதை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். "ஊ, யூ நோஸி பார்க்கர்!" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் விலை வரவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார், பேச்சு அதோடு மழையைப் பற்றியதாக மாறிவிட்டது.

அது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. இப்போது படிக்கவும் மருத்துவமனை வேலைக்கும் ஐ.டி. வேலைக்கும் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் கிட்டத்தட்ட இதே அனுபவத்தோடு வந்து, "நான் என்ன தப்பாக் கேட்டேன்?" என்கிறார்கள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. நம் ஊரில் விவரம் கேட்பதுதான் அக்கறை காட்டுகிற வழி. இங்கே அவை இரண்டும் தனித்தனி வேலைகள். அந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பொருளும் எடையும்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர், அவ்வளவுதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்த வேலையை மூக்குதான் செய்கிறது என்பதால் நமக்கு இந்தச் சொல் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். 'நோஸி' என்றால் துருவித் துருவிக் கேட்கிற, எட்டிப் பார்க்கிற குணம். கூட வருகிற 'பார்க்கர்' சாதாரணமாக ஒரு குடும்பப் பெயர், பூங்காவையோ வேட்டைக்காட்டையோ காவல் காத்தவர்களுக்கு முன்காலத்தில் வந்த பெயர். உங்கள் அலுவலகத்தில் நிஜமாகவே பார்க்கர் என்று ஒருவர் இருந்தால் அவர் பக்கத்தில் இந்தச் சொல்லை எடுக்காதீர்கள், பள்ளிக்கூடத்திலிருந்தே அவர் இதைக் கேட்டு அலுத்திருப்பார்.

எடை என்று பார்த்தால் இது லேசான சொல். கெட்ட வார்த்தை இல்லை. பாட்டி பேரனைச் சொல்வார், மனைவி கணவனைச் சொல்வார், பார்சலைப் பிரிக்கும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிற குழந்தையை அம்மா சொல்வார். ஆனால் ஒருவர் முகத்துக்கு நேரே சிரிக்காமல் "டோன்ட் பி நோஸி" என்று சொன்னால் அது வேறு, கோடு போட்டுவிட்டார் என்று அர்த்தம். முகத்தைப் பாருங்கள். சிரிப்பு இருந்தால் நீங்களும் சிரித்துவிட்டு விலகுங்கள், சிரிப்பு இல்லையென்றால் ஒரு "சாரி" சொல்லிவிட்டு விலகுங்கள். இரண்டிலும் விலகத்தான் வேண்டும், அதே கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்கக் கூடாது.

வாயில் வரவழைப்பது

நம் நாக்குக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. நடுவில் வரும் 'ஸ' தேனீ ரீங்காரம் போல அதிர வேண்டும். அதைவிட முக்கியம், 'நோஸி' வேறு, 'நாய்ஸி' வேறு. இரண்டாவது சொல்லுக்குச் சத்தம் போடுகிற என்று பொருள். எனக்குத் தெரிந்த ஒருவர், வீட்டுக்காரரிடம் பக்கத்து வீட்டார் சத்தம் போடுகிறார்கள் என்று புகார் சொல்லப் போய், அவர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்காரர் வேலிக்கு உயரம் கூட்டித் தருவதாகச் சொல்ல, இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று இரண்டையும் பத்து தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள்.

பார்க்கரில் வரும் இரண்டு 'ர'வும் தெற்கு இங்கிலாந்தில் காதில் விழாது, 'பாக்கா' என்று நீளும். ஸ்காட்லாந்தில் நன்றாகவே விழும். எழுதும்போது 'நோஸி'யில் எஸ் எழுத்துக்குப் பிறகு ஈ எழுத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு, விடுபவர்களும் உண்டு, இரண்டும் சரி.

யார் இந்தப் பார்க்கர்?

இதைத் தெரிந்துகொண்டால் டீ நேரத்தில் நல்ல பேச்சுப் பொருள், அதனால் சொல்கிறேன். இங்கே பலரும் சொல்கிற கதை, முதலாம் எலிசபெத் காலத்தில் கேன்டர்பரி பேராயராக இருந்த மாத்யூ பார்க்கரைப் பற்றியது. நார்விச் ஊர்க்காரர், 1559 முதல் 1575இல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். தேவாலயங்களில் என்ன நடக்கிறது என்று துருவித் துருவி விசாரிப்பார், மூக்கும் கொஞ்சம் நீளம் என்பார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. சொல் அச்சில் தலைகாட்டுவது 1890ஐ ஒட்டித்தான், 1907இல் நோஸி பார்க்கரின் சாகசங்கள் என்று வேடிக்கைப் பட அஞ்சலட்டை வந்திருக்கிறது. பேராயர் இறந்து முந்நூறு வருடம் ஒருவர் வாயிலும் வராத பட்டப்பெயர் திடீரென்று எப்படி முளைக்கும்?

இன்னொரு ஊகம், 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியைச் சுற்றியது. அறுபது லட்சம் பேர் வந்துபோன இடம். அங்கே காதல் ஜோடிகளை ஒளிந்திருந்து பார்த்த பூங்காக் காவலர்களை அப்படிச் சொன்னார்கள் என்கிறார்கள். இதற்கும் அந்தக் காலத்து எழுத்துச் சான்று கிடையாது. என் எண்ணத்தில், மூக்கன் முருகன் என்று நாம் ஒரு பெயரை ஒட்டவைப்பதுபோல, வாய்க்கு வசதியான ஒரு பெயரை யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு நிஜ மனிதரைத் தேட வேண்டியதில்லை.

இதன் அக்கம்பக்கத்துச் சொற்கள்

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'பிஸிபாடி' என்றால் பார்ப்பதோடு நிற்காமல் உள்ளே புகுந்து வேலையும் செய்பவர், அதனால் கொஞ்சம் கடுமை கூடுதல். பழைய சொல்லும்கூட. 1526இல் டின்டேல் என்ற மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பைபிள் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறது. தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்கு 'அந்நிய காரியங்களில் தலையிடுகிறவன்' என்று பேதுருவின் நிருபத்தில் வருவது நினைவிருக்கும், அதே ஆள்தான். 'கர்டன் ட்விச்சர்' என்பவர் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கித் தெருவைப் பார்ப்பவர். மெல்லிய வலைத்துணித் திரை போட்ட ஜன்னல் உள்ள தெருவில் நீங்கள் சாமான் இறக்குகிற முதல் நாளே இவரைச் சந்தித்துவிடுவீர்கள், அவர் உங்களை முன்பே சந்தித்திருப்பார்.

'ஈவ்ஸ்ட்ராப்பர்' என்றால் ஒட்டுக்கேட்பவர். கூரை விளிம்பிலிருந்து மழைநீர் சொட்டுகிற இடத்தில், சுவரோடு சுவராக நின்று உள்ளே பேசுவதைக் கேட்பவர் என்பதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இது இங்கே குற்றமாகவே இருந்தது, 1967ஆம் வருடத்துக் குற்றவியல் சட்டம்தான் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. 'பீப்பிங் டாம்' என்ற சொல்லை இந்த வரிசையில் வைத்து விளையாட்டாகப் பயன்படுத்திவிடாதீர்கள். காவன்ட்ரி நகரத்தில் ஆடையில்லாமல் குதிரையில் போன கொடைவா சீமாட்டியின் கதையில், எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டபோது ஒருவன் மட்டும் அவளை எட்டிப் பார்த்தான், அந்த டாம்தான் இவன். பெண்களை மறைந்திருந்து பார்க்கிறவன் என்ற அசிங்கமான பொருள் இதற்கு உண்டு. சக ஊழியரைச் சிரிப்புக்காக இப்படிச் சொன்னால் மனிதவளத் துறைவரை போகும்.

சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் இதைக் 'கேபோ' என்று சொல்வதைக் கேட்கலாம், அது ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியின் சொல். ஆஸ்திரேலியாவில் 'ஸ்டிக்கிபீக்', அங்கே மூக்குக்குப் பதில் அலகு.

எதைக் கேட்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்

சம்பளம், வாடகை, வீட்டு விலை, வயது, எடை, கல்யாணம் ஏன் ஆகவில்லை, குழந்தை எப்போது, எந்தக் கட்சிக்கு ஓட்டு, சாமி கும்பிடுவீர்களா, லீவு போட்டீர்களே உடம்புக்கு என்ன. இவையெல்லாம் நெருங்கிப் பழகிய பிறகு அவர்களாகவே சொல்ல வேண்டியவை. கடைசிக் கேள்விதான் நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது, ஏனென்றால் ஊரில் அதைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு. இங்கே "ஹோப் யூ ஆர் ஃபீலிங் பெட்டர்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். என்ன நோய் என்று சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

தாராளமாகக் கேட்கக்கூடியவை: வார இறுதி எப்படிப் போனது, விடுமுறைக்கு எங்கே, தோட்டத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள், தினமும் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள், எந்த ஃபுட்பால் அணி. நாய் வைத்திருப்பவர் என்றால் இன்னும் நல்லது. தன் வயதைச் சொல்லாத மனிதர் நாயின் வயது, ஜாதி, போன மாதம் அதற்கு நடந்த அறுவை சிகிச்சை, அதற்கு ஆன செலவு வரைக்கும் நின்று சொல்லிவிட்டுப் போவார்.

இதில் எனக்கு நெடுநாள் பிடிபடாத ஒன்று உண்டு. வீட்டு விலையை வாய்விட்டுக் கேட்பது நாகரிகம் இல்லை, ஆனால் இணையத்தில் பார்ப்பது சாதாரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை நிலப் பதிவேட்டு அலுவலகமே பொதுவில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் தெருப் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். அதேபோல பக்கத்து வீட்டார் மாடி கட்ட கவுன்சிலில் விண்ணப்பித்தால் வரைபடம் உட்பட இணையத்தில் வந்துவிடும், நீங்கள் ஆட்சேபம் எழுதலாம். ஆக, எட்டிப் பார்க்கவே கூடாது என்று இங்கே யாரும் நினைக்கவில்லை. எதிரில் நிற்பவரைப் பதில் சொல்லியே ஆக வேண்டிய சங்கடத்தில் மாட்டிவிடாதே என்பதுதான் விஷயம். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்தப் பிஸ்கட் டப்பா ஏன் நகர்ந்தது என்று எனக்கு விளங்கியது.

கேட்டே ஆக வேண்டுமென்றால்

வாடகை விவரம் தெரியாமல் வீடு தேட முடியாது, சம்பளம் தெரியாமல் வேலை மாற முடியாது. அப்போது முதலில் உங்கள் விவரத்தைக் கீழே வையுங்கள். "என் வாடகையை இந்த வருஷம் நூறு பவுண்டு ஏத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பத்தில் ஏழு பேர் தங்கள் வாடகையைத் தாங்களாகவே சொல்வார்கள். நேரடியாகக் கேட்பதானால் "இஃப் யூ டோன்ட் மைண்ட் மீ ஆஸ்கிங்" என்று ஆரம்பியுங்கள், இன்னும் இளக வேண்டுமென்றால் "டெல் மீ டு மைண்ட் மை ஓன் பிசினஸ், பட்" என்று சொல்லலாம். பதில் சொல்லாமல் போக ஒரு வழி விட்டுவைக்கிறீர்கள், அந்த மரியாதை அவர்களுக்குப் புரியும்.

பதிலின் நீளத்தைக் கவனியுங்கள். "லாங் ஸ்டோரி" என்றால் கதை கிடையாது என்று பொருள். "ஓ, யூ நோ" என்று இழுத்தால் அதோடு விடுங்கள். ஒரு தடவைதான் கேட்க வேண்டும்.

வேலையிடம் பற்றி ஒரு வார்த்தை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உங்கள் உடல்நிலையைப் பற்றி, சில குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தவிர, நிறுவனம் கேட்கக் கூடாது. அதே சட்டத்தில், பாகுபாடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சக ஊழியர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டால் அதற்குப் பாதுகாப்பும் இருக்கிறது, பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் சரி. நம் பிள்ளைகள் பலர் கூச்சத்தால் இதைக் கேட்காமலே குறைந்த சம்பளத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனசு கஷ்டப்படுகிறது. நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள், இது மூக்கை நுழைப்பது ஆகாது.

உங்களிடம் கேட்டால்

பதில் சொல்லக் கடமை இல்லை, பொய் சொல்லவும் வேண்டாம். இதற்கென்றே இங்கே தயாரான வாக்கியங்கள் உண்டு. சம்பளம் கேட்டால் "நாட் இனஃப்!" வயது கேட்டால் "ஓல்ட் இனஃப் டு நோ பெட்டர்." மற்ற எதற்கும் "தட் வுட் பி டெல்லிங்," அதாவது சொன்னால் ரகசியம் போய்விடுமே என்கிற மாதிரி. மூன்றையும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். அப்படியும் விடாதவர்களுக்கு "ஐ'ட் ராதர் நாட் சே" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அதற்குப் பிறகு காரணம் சொல்லத் தேவையில்லை.

நம்மவர்களுக்குள்

இதை எழுத உட்கார்ந்ததே பாதிக்குப் பாதி இந்தப் பகுதிக்காகத்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் அன்னதான வரிசையிலும் புதிதாக ஒரு முகம் தெரிந்தால் நாம் கேட்கிற முதல் மூன்று கேள்வி: எந்த ஊர், என்ன வேலை, "தம்பி, பி.ஆர். கிடைச்சிடுச்சா?", அதாவது இங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி வந்துவிட்டதா. கேட்பவர் மனதில் கெட்டது எதுவும் இல்லை, முடிந்தால் ஒரு வழி சொல்லலாமே என்றுதான் கேட்கிறார். ஆனால் ஈழத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேல்முறையீட்டில் காத்திருக்கிற ஒரு பையனுக்கு அந்தக் கேள்வி வயிற்றைப் பிசையும். ஒருவரை எனக்குத் தெரியும், வருடக்கணக்காகக் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சாமியைப் பார்க்க வேண்டும், ஆட்களைப் பார்க்க முடியவில்லை என்றார்.

அதனால் பெரியவர்களே, விசா கேள்வியை விட்டுவிடுங்கள். எந்த ஊர் என்ற கேள்வியிலும், அதற்குப் பின்னால் எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று ஜாதியை நோக்கி ஊர்ந்து போகிற கேள்விகள் வேண்டாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க, என் நம்பர் இது" என்பது போதும். தம்பிமார்களே, உங்களிடம் கேட்டால் "போய்க்கிட்டு இருக்கு அண்ணா, நீங்க எப்படி இருக்கீங்க, பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?" என்று பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் அண்ணன் அடுத்த கால் மணி நேரத்துக்கு உங்கள் விசாவை மறந்துவிடுவார்.

அடுத்த வீட்டில் ஒருவர் இருந்தால்

நீங்கள் குடிபோன வாரத்திலேயே நீங்களாகப் போய்ப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தெரியாத ஆளைத்தான் திரைக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள், தெரிந்த ஆளுக்குக் கை ஆட்டுவார்கள். தெருவைக் கவனிப்பதே இங்கே ஓர் அமைப்பாக நடக்கிறது, 'நெய்பர்ஹுட் வாட்ச்' என்று ஜன்னல்களில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பிரிட்டனில் அது 1982இல் செஷையர் மாவட்டத்தின் மாலிங்டன் கிராமத்தில் தொடங்கியது.

அப்புறம் இந்தக் காலத்து மூக்கு, வாசல்மணிக் கேமரா. நீங்கள் மாட்டுவதானால் உங்கள் வாசலை மட்டும் பார்க்கிற மாதிரி திருப்பி வையுங்கள். பக்கத்து வீட்டுத் தோட்டமோ பொது நடைபாதையோ அதில் பதிவானால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2021 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்ட்டி நீதிமன்றம், கேமராக்களால் அடுத்த வீட்டுக்காரரைப் படம் பிடித்து அவர் பேச்சையும் பதிவு செய்த ஒருவர் அந்தச் சட்டத்தை மீறினார் என்று தீர்ப்பளித்தது. ஒலிப்பதிவை அணைத்துவிடுவது நல்லது. வேறொருவரின் கேமரா உங்கள் பின்தோட்டத்தைப் பார்க்கிறதென்றால் முதலில் நேரில் போய்ச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் எதிர்வீட்டில் ஓர் அம்மையார் இருந்தார். எண்பது வயது இருக்கும், கேட்டதில்லை. காலையில் நான் கதவைப் பூட்டும்போது மாடி ஜன்னல் திரையின் ஓரம் ஓர் அங்குலம் விலகும், சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி விலகும். முதல் குளிர்காலம் முழுக்க எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் கடும் காய்ச்சலில் படுத்துவிட்டேன், வீட்டில் வேறு யாரும் இல்லை, போனில் சார்ஜ் போடக்கூட எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் தட்டும் சத்தம். தட்டுத்தடுமாறிப் போய்த் திறந்தால் அவர்தான், கோட்டு மாட்டி, கையில் சூப் டப்பா ஒன்றோடு நின்றார். "நாட் பீயிங் நோஸி, லவ்," என்றார், நேற்று குப்பை வண்டி வந்ததே, உன் தொட்டி வெளியே வரவில்லையே, அதான். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்து, காய்ச்சல் எவ்வளவு, எப்போதிலிருந்து, மாத்திரை என்ன போட்டாய், டாக்டரிடம் பேசினாயா, ஊரில் அம்மாவுக்குத் தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.